குரல் எங்களிடம் இருக்கிறது

ஈஜிபுரா, பெங்களூரு
7 ஜூலை 2024

அன்புள்ள விஜி அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் மாமாவும் நலமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? போர்ட் பிளேரில் மழை நின்றதா?

உறையைப் பார்த்ததும் யார் செத்தது என்றுதான் நீ முதலில் தேடுவாய். யாரும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுக் கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். போனில் நான் கோபப்பட ஆரம்பித்தால் உன் குக்கர் விசிலடிக்கிறது, நீ போய்விடுகிறாய், என் கோபம் பாதியில் நிற்கிறது. காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

எங்கள் கல்லூரியில் இசை விரிவுரையாளரின் வேலை இசை கற்பிப்பது அல்ல, பிரார்த்தனை பாடுவது என்பது உனக்குத் தெரியும். ரத்ததான முகாம், குடிநீர் இயந்திரம், வேதியியல் துறைக்கு வந்த புது அலமாரி, எதுவானாலும் என் குரல் படாமல் திறக்கக் கூடாது. பத்து வருஷத்துக்கு மேலாக நான் இங்கே 'அதிதி உபன்யாசகி', அதாவது விருந்தாளி விரிவுரையாளர். விருந்தாளியை இவ்வளவு வேலை வாங்கும் வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஜனவரியில் மறு அழைப்பு வரும். வராவிட்டால் நான் வந்ததே இல்லை என்று அர்த்தம்.

மார்ச் மாதம் நிர்வாகச் செயலாளர் சுதீர், நிறுவனரின் பேரன், என்னை கோரமங்கலாவில் ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பிப் பிரார்த்தனைகளை எல்லாம் பதிவு செய்ய வைத்தார். தரச்சான்றுக் குழு வரப்போகிறதாம், அதற்கு ஆவணமாம். போன வாரம் இருசக்கர வாகனக் கொட்டகை திறப்பு விழா. பிரின்சிபால் கோவிந்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க பாட பேடா, வேணாம். பென் ட்ரைவ் பாடும். நீங்க மைக் முன்னாடி நின்னு வாய மட்டும் அசைங்க, சாகு, அது போதும். வெறும் ஸ்பீக்கரைப் பாத்து ஜனங்க எழுந்து நிக்க மாட்டாங்க, பாருங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நின்றேன், அசைத்தேன். தகரக் கூரையின் கீழே என் குரல் எனக்கே வந்தனம் செய்தது. தலைமை தாங்கிய முன்னாள் கார்ப்பரேட்டர், "ஏம்மா, இவ்ளோ தள்ளி நின்னாலும் கணீர்னு கேக்குதே!" என்று பாராட்டினார். ஒரு கலைஞரை இதைவிட மோசமாக அவமானப்படுத்த இவர்கள் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தங்கை,
மகா


போர்ட் பிளேர்
24 ஜூலை 2024

அன்பு மகாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் முழங்காலாகவே இருக்கிறது. மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நான் ஒரு அரசுப் பள்ளியின் அலுவலகக் கண்காணிப்பாளர். கடிதம் படித்தே வயதானவள். எந்தக் கடிதத்தில் எது எழுதப்படவில்லை என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஆகையால் கீழ்க்கண்டவற்றுக்கு விளக்கம் தேவை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். மூன்று முறையும் துண்டித்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். கடிதம் எழுதுகிறவர்கள் போனை எடுக்கக் கூடாது என்று எங்கே விதி இருக்கிறது?

அதைவிட முக்கியம், பிரின்சிபால் வாயை மட்டும் அசை என்றார், நீ ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீயா? விழாவில் எவனோ மிருதங்கத்தை மேசையாக்கி அதன் மேல் டீ கிளாஸ் வைத்தான் என்று மேடையை விட்டு இறங்கியவள் நீ. அப்படிப்பட்டவள் பென் ட்ரைவுக்கு வாயசைத்தாள் என்றால் நான் நம்ப வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுது. மற்றதெல்லாம் பிறகு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
விஜி


ஈஜிபுரா
18 ஆகஸ்டு 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ஈஜிபுராவில் சாக்கடை வேலை என்று எங்கள் தெருவைத் தோண்டியிருக்கிறார்கள்; என் மாடிப்படி இப்போது அடுத்த வீட்டுக்காரர் வாசலில் முடிகிறது. மற்றபடி சௌக்கியம்.

எங்கள் துறையின் செய்தி கேள். இந்த வருஷம் இசையை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் அறுபது பேர். மற்ற விருப்பப் பாடங்களில் வீட்டுப்பாடம் உண்டு என்பதால் வந்தவர்கள். அவர்களில் சஹானா என்று ஒரு பெண், வணிகவியல். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அந்த ராகத்தின் எல்லைக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவள். ஆனால் நேர்மையானவள். "மேம், நான் பாடுனா எங்க வீட்டு நாய் வெளிய போயிடும்" என்று முதல் நாளே அறிவித்துவிட்டாள்.

தேர்வு இனிமேல் கொள்குறி வகை. ஹம்சத்வனியில் இல்லாத ஸ்வரங்கள் எவை என்று நான்கு விடை கொடுப்போம். வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். வாயைத் திறக்காமலே இசையில் முதல் வகுப்பு வாங்கலாம்.

வகுப்பறை ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. இந்த டெர்மிலிருந்து நான் கீபோர்டை வாசித்துக் கை அசைத்தே பாடம் நடத்துகிறேன். ஒரு விரல் தூக்கினால் ஷட்ஜமம், உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. பிள்ளைகள் கூட அமைதியாகிவிட்டார்கள். சுதீர் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

"வாவ் மேடம்! சைலண்ட் பெடகாஜி! இதைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்!"

என் வகுப்பு இப்போது தரச்சான்று அறிக்கையில் 'மௌன போதனை: ஒரு புதுமை முயற்சி' என்ற தலைப்பில் புகைப்படத்தோடு இடம்பெறுகிறது. இசைத் துறையில் சத்தம் இல்லாததைச் சாதனையாக எண்ணும் கல்வி நிறுவனத்தில் நான் பணியாற்றுகிறேன் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மழைக்காலம், கொதித்த தண்ணீரே குடியுங்கள்.

அன்பு,
மகா


போர்ட் பிளேர்
4 செப்டம்பர் 2024

மகாவுக்கு,

நலம்.

நான் கேட்டது ஒரே கேள்வி. நீ நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், பதில் இல்லை.

நேற்று ஆபீஸிலிருந்து உன் கல்லூரிக்குப் போன் செய்தேன். இசைத் துறைக்கு இணைக்கச் சொன்னேன். "ஒன் மினிட் லைன்ல இருங்க" என்றார்கள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பெண் சொன்னாள். அப்புறம் நீ பாடினாய்.

காத்திருப்பவர்களுக்குப் போடும் பாட்டாக உன் பிரார்த்தனையை வைத்திருக்கிறார்கள், மகா. ஒரு ஒற்றையறை வீட்டில் நீ சாதகம் செய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டவள் நான். உன் குரல் எனக்குத் தெரியாதா? முழுதும் கேட்டேன். மறுபடி முதலிலிருந்து ஓடியது. அதையும் கேட்டேன். கடைசியில் ஒருவர், சின்னப்பாவாம், அட்டெண்டர், எடுத்தார். "மகா மேடமா? கிளாஸ்ல கீறாங்க. அவங்க போன்ல பேசறதில்ல மா" என்றார்.

குரல் வெண்கலமாகத்தான் இருக்கிறது. கல்லூரிக்குப் பாடுகிறாய். யார் யாரோ காத்திருக்கும்போது பாடுகிறாய். சொந்த அக்காவிடம் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்றாவது எழுது.

விஜி


ஈஜிபுரா
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நீ கேட்டது மார்ச் மாதத்துக் குரல். இப்போது என்னிடம் அது இல்லை.

மே மாதம் கம்மல் ஆரம்பித்தது. ஜூனில் காற்று மட்டும்தான் வந்தது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாணில் கட்டி, மிளகு அளவு. கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. "பேசாதீங்க. கிசுகிசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்" என்றார். அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பேசலாம். பாடலாமா என்று எழுதிக் காட்டினேன். அவர் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்.

எப்படி வந்தது என்று கேட்பாய். வருஷா வருஷம் ஜெனரேட்டருக்கு மேலே கத்தி அறுபது பேருக்கு ஸ்வரம் சொன்னதில் வந்தது. மைக் இல்லாமல் செங்கல் தூசியில் அடிக்கல்லுக்கெல்லாம் பாடியதில் வந்தது. விருந்தாளிக்கு விடுப்பு கிடையாது என்பதால் காய்ச்சலிலும் பாடியதில் வந்தது.

வாயசைக்கச் சொன்னபோது ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டாய். சும்மா இல்லை அக்கா, அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஜனவரி வரை தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். குரல் இல்லாத இசை ஆசிரியருக்கு யார் மறு அழைப்பு கொடுப்பார்கள்? உனக்கு எழுதிய கோபம் பொய் இல்லை. அதற்கு அடியில் இருந்ததை மட்டும் எழுதவில்லை.

இப்போது என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. இத்தனை மாதமாக ஒரு கல்லூரியின் இசை ஆசிரியை ஒரு ஸ்வரம்கூடப் பாடவில்லை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கவனிக்கவில்லை. பிரின்சிபாலுக்குத் தலையாட்டுகிறேன், "மேடம் ரொம்ப டீசண்ட், எதிர்த்துப் பேசறதே இல்ல" என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுகிறார்.

போனில் என் பாட்டு ஓடுவது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எங்கே என் கல்லூரிக்குப் போன் செய்யப் போகிறேன்?

இதை உன்னோடு வைத்துக்கொள். யாரிடமும் சொல்லாதே.

மகா


போர்ட் பிளேர்
5 அக்டோபர் 2024

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

சூடாகக் குடிக்கிறாயா? வீட்டில் நீ ஒருத்தி, பேசவும் முடியாமல், எப்படித்தான் இருக்கிறாய்? லீவு போட்டு வருகிறேன் என்றால் வேண்டாம் என்பாய். அதனால் அதைக் கேட்கவில்லை. என்ன செய்திருக்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இது வேலையினால் வந்த நோய். நிரந்தரமோ விருந்தாளியோ, மனுஷிக்கு மருத்துவ விடுப்பு கொடுத்துத்தான் ஆக வேண்டும். உன் பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, முறைப்படி. ஜெனரேட்டர், தூசி, வாயசைப்பு, ஒன்றையும் விடவில்லை. உன் குரலைப் போனில் போட யார் அனுமதி கொடுத்தார்கள் என்றும் கேட்டிருக்கிறேன். நகல் செயலாளருக்கு. நகல் உயர்கல்வித் துறைக்கு. நகல் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு. நேற்று எல்லாம் ஸ்பீட் போஸ்டில் போயாயிற்று.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். ஆனால் நாம் சொல்லாமல் இருந்துதானே இவர்கள் இப்படி ஆனார்கள்?

ஸ்டுடியோவில் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டாயா? உடனே எழுது.

அன்புடன்,
அக்கா


ஈஜிபுரா
27 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

கையெழுத்து எதிலும் போடவில்லை.

உன் கடிதம் பிரின்சிபால் மேசையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. கோவிந்தப்பா என்னை உட்காரச் சொன்னார். பத்து வருஷத்தில் முதல் முறை. சுதீரும் வந்தார். இருவரும் மாறி மாறி உருகினார்கள்.

"ஏன் மேடம், எங்ககிட்ட சொல்லலாமில்ல? நாம ஒரே குடும்பம் அல்லவா?" என்றார் பிரின்சிபால்.

"ஹெல்த் ஃபர்ஸ்ட் மேடம். தீபாவளியிலிருந்து நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார் சுதீர். "ஜனவரி பத்தி எல்லாம் யோசிக்காதீங்க. காலேஜுக்கு ஒண்ணும் டிஸ்டர்ப் ஆகாது. உங்க குரல்தான் எங்ககிட்ட இருக்கே."

ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த முகத்தில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பணிவிடுவிப்பு ஆணையில் 'தனது சொந்த உடல்நலக் காரணங்களுக்காக' என்று இருக்கிறது. மௌன போதனை அறிக்கையில் என் புகைப்படம் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் நோக்கம் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

மகா


போர்ட் பிளேர்
10 நவம்பர் 2024

அன்பு மகாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

என் உத்தியோகத்தில் ஒரு தாளுக்கு நான்கு நகல் எடுத்தால் நான்கு பேர் வேலை செய்வார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று பேர் பதில் போடவில்லை. நான்காவது ஆள் உன்னை வீட்டுக்கு அனுப்பினான். நீ ஜனவரியைத் தாண்டியிருப்பாய். நான்தான் தாண்டவிடவில்லை.

அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்களா? கூட யார் இருப்பார்கள்? நான் வரட்டுமா?

அக்கா


போர்ட் பிளேர்
15 டிசம்பர் 2024

மகா,

பதில் இல்லை. நலம்தானே? கட்டைவிரலாவது அனுப்பு.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. மதிய இடைவேளையில் உன் கல்லூரிக்குப் போன் செய்கிறேன். காத்திருக்கச் சொல்கிறார்கள். காத்திருக்கிறேன். எடுத்தால் ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறேன். சின்னப்பாவுக்கு என் மூச்சு தெரிந்துவிட்டது போல. நேற்று, "அக்காதானே? லைன்லயே இரு மா, நான் எடுக்கல" என்றார்.

மூன்றாவது வரியில் நடுவிலே ஒரு இடத்தில் நீ மூச்சு வாங்குகிறாய். சத்தம் கேட்கிறது. அந்த வரியை நீ எப்போதும் ஒரே மூச்சில் பாடுவாய். அப்போதே உனக்கு முடியவில்லை, இல்லையா? முதல் நாளே அதைக் கேட்டும், வெண்கலம் என்று எழுதினேன்.

விஜி


ஈஜிபுரா
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவும் நீயும் நலம்தானே? கிறிஸ்துமஸுக்கு முன்னால் அறுவை சிகிச்சை ஆயிற்று. வீட்டு ஓனரம்மா கூட இருந்தார்கள். இன்னும் மௌனம்தான், பிள்ளைகள் எழுதி அழிக்கும் பிளாஸ்டிக் சிலேட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். கிட்டத்தட்ட மூன்று மாதம் உனக்கு எழுதாமல் இருந்தேன். உன் மேல் இருந்த கோபம் முதல் பத்து நாளில் தீர்ந்தது. மீதி நாள் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது விஷயம் இருக்கிறது. நேற்று சஹானா வந்தாள். தோண்டிய தெருவைத் தாண்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மேம், திட்டக்கூடாது. நீங்க போனப்புறம் உங்க இடத்துல என்னைத்தான் நிக்க வச்சாங்க. வாய் அசைக்க."

சிலேட்டில் எழுதினேன்: 'உன்னையா?'

"ஆமா மேம்! பாடத் தெரிஞ்சவங்க வேணாமாம். தெரிஞ்சா கூடவே பாடிருவாங்களாம், ரெண்டு குரல் கேக்குமாம். கிளாஸ்லயே மோசமா பாடறது யாருன்னு விசாரிச்சாங்க. எல்லாரும் என்னைக் காட்டிட்டாங்க, பாவிங்க."

இசைத் துறையில் தேர்வு முறை இப்படி முன்னேறியிருக்கிறது அக்கா.

போன வாரம் தரச்சான்றுக் குழு வந்ததாம். குத்துவிளக்கு, சந்தனம், பட்டுச் சேலை கட்டிய சஹானா. இரண்டு வரி ஒழுங்காக அசைத்திருக்கிறாள். மூன்றாவது வரி வந்ததாம்.

"அதுல நடுவுல நீங்க மூச்சு எடுப்பீங்க மேம். நான் பிராக்டிஸ்ல அதைக் கவனிக்கல. ஹால்ல பெரிய ஸ்பீக்கர்ல கேக்குது, யாரோ மேல ஏற முடியாம ஏறுற மாதிரி. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வாய மூடிட்டேன். அப்புறம் தெறக்கவே தோணல."

மூடிய வாயோடு அவள் மைக் முன்னால் நின்றிருக்கிறாள். என் பாட்டு தன்பாட்டுக்குப் போயிருக்கிறது. கோவிந்தப்பா ஓடிவந்து இன்னொரு மைக்கைப் பிடித்து, "எல்லாரும் கண்ண மூடிக்கங்க, இது தியானம்!" என்றாராம். முழு மண்டபமும் கண்ணை மூடியிருக்கிறது. குழுவில் வந்த ஒரு அம்மாள் மட்டும் மூடவில்லையாம்.

"யார் பாடறதுன்னு கேட்டாங்க மேம். சுதீர் சார் 'சிஸ்டம் எர்ரர்'னாரு. நான் மைக்லயே சொல்லிட்டேன். எங்க மேம் பாடறாங்க. தொண்டை போச்சுன்னு இவங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு."

அவளுக்கு அகமதிப்பீட்டில் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். "பரவால்ல மேம், பாடிருந்தாலும் அதான் வந்திருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவும் கூடாது என்றிருக்கிறார்.

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைக்கும் என்கிறார்கள். மௌன போதனையைக் குழு வெகுவாகப் பாராட்டியதாம். அந்த அம்மாள் மட்டும் ஒரு தாள் கேட்டிருக்கிறார், பாடியவரின் எழுத்துபூர்வமான சம்மதம். உன் கடிதத்தின் நகல் ஏதாவது எங்காவது படிக்கப்பட்டதோ என்னவோ, எனக்குத் தெரியாது.

இன்று காலை சுதீரே வந்தார். மைசூர்பாகு, கூடவே தாள்.

"ஒரே ஒரு சைன் மேடம். ஜூன்லேர்ந்து உங்களைத் திரும்ப எடுத்துக்கறோம். பாட வேணாம், கத்த வேணாம். மௌன போதனை மட்டும். குரல் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

'எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்' என்று எழுதிக் காட்டினேன்.

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அழிச்சிட்டா உங்ககிட்டயும் இருக்காதே மேடம்? வேற ரெக்கார்டிங் வச்சிருக்கீங்களா?"

இல்லை அக்கா. எத்தனையோ வருஷம் பாடியிருக்கிறேன். யார் பதிவு செய்தார்கள்? குடிநீர் இயந்திரத்துக்கும் கொட்டகைக்கும் பாடியதுதான் நான் விட்டுப்போகும் சங்கீதம். அதைத் துடைத்துவிட்டால் ஒன்றுமில்லை. வேலையும் இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாகனக் கொட்டகைக் கூரையின் கீழே நான் வாயசைத்து நின்றது ஞாபகம் வந்தது. இன்னும் யார் யாரையோ அப்படி நிறுத்துவார்கள்.

'இருக்காது. அழித்துவிடுங்கள்' என்று எழுதினேன். மைசூர்பாகை வீட்டு ஓனரம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
மகா


போர்ட் பிளேர்
2 பிப்ரவரி 2025

அன்பு மகாவுக்கு,

நலம். உன் கடிதத்தை மாமா எனக்கு வாசித்துக் காட்டினார். சஹானாவின் பேச்சு வரும் இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பெண்ணுக்கு என் ஆசி.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போன் செய்தேன். எங்கள் அழைப்பு முக்கியம் என்றார்கள். பிறகு டிங் டிங் என்று ஏதோ மணிச்சத்தம். சின்னப்பா எடுத்து, "எடுத்துட்டாங்க மா. இனிமே சும்மா காத்திருக்க வேணாம்" என்றார்.

வேறொரு போனை ஒட்டிவைத்துப் பதிவு செய்திருக்கலாமே என்று மாமா கேட்டார். டிசம்பரிலேயே தோன்றியது; வேண்டாம் என்று விட்டுவிட்டேன். யார் யாரையோ காத்திருக்கச் சொல்வதற்காகப் பாடும் தங்கை எனக்கு எதற்கு? என் தங்கைக்குக் கட்டைக்குரலாக இருந்தாலும் போதும், அது அவளுடையதாக இருக்கட்டும்.

நகல் விஷயத்தில் நான் செய்தது தப்பு. இதை எந்த நகலும் இல்லாமல் எழுதுகிறேன்.

டாக்டர் என்ன சொன்னார்?

அக்கா


ஈஜிபுரா
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியது டாக்டருக்காக. அவர் வியாழக்கிழமை குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "பேசுங்க" என்றார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "தேங்க்ஸ் டாக்டர்" என்றேன். யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடியவள் இப்போது இரண்டுக்கு மேலே ஏற முடியாது. மேல் ஷட்ஜமம் என்று ஒன்று இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அப்பாவின் குரல் ஞாபகமிருக்கிறதா, பீடி குடித்துவிட்டுக் கூப்பிடும்போது? கிட்டத்தட்ட அது.

பக்கத்தில் அடுகோடி பேட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலே மாலை வகுப்பு தொடங்கியிருக்கிறேன். ஷிப்டு முடித்து பொம்மசந்திரா ஆலைகளிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். நரேஷ் என்று ஒரு லேத் ஆபரேட்டர். என் குரலைக் கேட்டுவிட்டு, "மேடம், நீங்க ஜென்ட்ஸ் சுருதிதானா? நல்லதாப் போச்சு, எங்களுக்கு ஒத்துவரும்" என்றார். பிறகுதான் கவனித்தேன், இத்தனை வருஷத்தில் என் குரலை நேரில் கேட்டு யாரோ கவனித்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

கல்லூரியில் போன வாரம் ஆண்டு விழாவாம். பிரார்த்தனைக்கு ஆள் இல்லாமல் கோவிந்தப்பாவே பாடினாராம். சஹானா வீடியோ அனுப்பியிருந்தாள். முழுதும் பார்த்தேன். அநியாயத்துக்கு ஒரு அளவு உண்டு என்று இதுவரை நினைத்திருந்தேன்.

மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு, நானே போன் செய்கிறேன். குக்கரை முன்னாலேயே இறக்கி வை. யாரோ ஆம்பிளை பேசுகிறான், ராங் நம்பர் என்று வைத்துவிடாதே. முதல் வேலையாக உன்னைத் திட்டப் போகிறேன், பதிவாளருக்கு எதற்கடி நகல் அனுப்பினாய் என்று. எத்தனையோ மாதமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். நடுவில் மூச்சு வாங்குவேன், பொறுத்துக்கொள்.

மாமாவுக்கு வணக்கம்.

உன்,
மகா